பாதியில் நின்ற முள்

"ஹலோ... ஆமா, நான்தான்... ம்... ம்... சரி, படபடன்னு பேசாத, மூச்சு விட்டுட்டுச் சொல்லு. எங்க நிக்கற?"

அப்பா போன பிறகு அண்ணன் அவளுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை. இப்போது செய்ததும் பாசத்தால் அல்ல. வழியில் நின்றுபோகும் வண்டிகளுக்கு உதவி அனுப்பும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வெயில் கொளுத்திய அந்த மதியம், பொது எண்ணில் கூப்பிட்டவர்கள் எல்லாரும் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். தங்கை உள்ளே இருக்கும்போது நாம் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவன் நேராக அவளுடைய சொந்த எண்ணைப் பிடித்துவிட்டான்.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறான். மலைப் பாதையில் பாதி ஏறியதும் வண்டி சூடாகிவிட்டது. அதே பழைய வண்டி.

"இஞ்சினை அணைச்சிட்டியா?... நல்லது. அம்மாவை இறக்கி நிழல்ல உட்கார வை... மரம் இல்லைன்னா வண்டியோட நிழல் இருக்குல்ல, அதுல... ம். இப்ப கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஏசி ஓடிச்சா?... விசிறி சுத்துச்சா?... சுத்துச்சு. அப்ப கோளாறு விசிறியில இல்ல. வண்டிக்கு அடியில குனிஞ்சு பாரு, சொட்டுதா?... எந்தப் பக்கம், பெல்ட் இருக்கற பக்கமா?... ஆமா, ஆமா, அதுதான். வாட்டர் பம்ப் போயிடுச்சு. தண்ணி உள்ள சுத்தல, அதான் சூடு ஏறுது."

அம்மா வெயிலில் இருக்கிறாள் என்று கேட்ட உடனேயே அவள் கை பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் பழுதான வண்டிகளை ஏற்றி வரும் ஒரு லாரியை அந்த மலைப் பாதைக்குத் திருப்பிவிட்டிருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. கேள்விகளை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். தினமும் எல்லாரிடமும் கேட்கும் கேள்விகள்தான். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது.

"டெம்பரேச்சர் முள்ளு எங்க நின்னுச்சு?... என்ன?... இன்னொரு தடவை சொல்லு... சிவப்புக் கோட்டுக்கே போயிடுச்சா. அது ஏறுறத நீயே பாத்தியா?... ம். கண்ணால பாத்திருக்க."

அவள் முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது.

அந்த வண்டியை அவளுக்கு விற்றவனே அண்ணன்தான். கூடப்பிறந்தவளுக்குத்தான் கொடுக்கிறேன், குழந்தை மாதிரி வைத்திருந்தேன் என்று சொல்லித்தான் விற்றான். சில வாரங்களில் ஒரு நாள் அப்பாவுக்கு நெஞ்சு வலி. பின் சீட்டில் படுக்க வைத்து அவள்தான் ஓட்டினாள். முள் பாதியில் நின்றது. நல்லபடியாக ஓடுகிறது என்று நம்பி மிதித்தாள். முள் பாதியில் நிற்கும்போதே முன்னால் ஆவி கிளம்பியது; இஞ்சின் இறுகிப்போய் வண்டி நடுரோட்டில் நின்றது. வேறு வண்டி வருவதற்குள் அப்பா அவள் மடியிலேயே போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னான். முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்தும் கண்மூடித்தனமாக ஓட்டி அப்பாவைக் கொன்றுவிட்டாள் என்றான். முள் ஏறவே இல்லை என்று அவள் கதறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு மெக்கானிக் யாரும் பார்ப்பதற்குள் அண்ணன் வண்டியைக் கட்டி இழுத்துப் போய்விட்டான். அப்பா கடைசியாக ஏறிய வண்டி, இஞ்சினைச் சரிசெய்து அதை நானே வைத்துக்கொள்கிறேன் என்றான். எல்லாரும் அவன் பாசத்தை மெச்சினார்கள். நாளாக ஆக அவளுக்கே தன் கண் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான், பயிற்சி கொடுத்த மேஸ்திரி ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். சூடாகும் பழைய வண்டியை அடுத்தவர் தலையில் கட்டுபவர்கள், முள்ளுக்குப் போகும் ஒயரில் மின்சாரத்தைக் குறைக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்துவிடுவார்களாம். அப்புறம் இஞ்சின் வெந்தாலும் முள் பாதியைத் தாண்டாது. அன்று அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனால் வண்டி அவன் கொட்டகையில் இருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்?

போனில் பானட்டைத் தூக்கும் கிரீச் சத்தம் கேட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போவதாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கொதிக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் வாய் திறக்கவில்லை. திறக்கட்டும் என்று மனது சொன்னது. அப்போது மிக அருகில் ஓர் இருமல் கேட்டது. அம்மாவின் இருமல். அவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள்.

"மூடியைத் தொடாத... தொடாதன்னு சொன்னேன். கையை எடு. அம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லு... போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?... அப்படியே இருக்கட்டும், அணைக்காத. அணைச்சா லாரி வராது."

அவள் குரல் தாழ்ந்தது. பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இந்த முள்ளு பாதிக்கு மேல ஏறாதே. யார் சரி பண்ணினது?... நீயேவா. பரவால்லயே. என்ன பண்ணின?... ஒயர்ல இருந்த ஒரு சின்ன சாமானை எடுத்துட்ட. அவ்வளவுதான்... ம். டாஷ்போர்டை மொத்தமா கழட்டினாத்தான் அந்த ஒயரே கண்ணுக்குத் தெரியும். அது அங்க இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?... மெக்கானிக்கா? இப்பத்தான நீயேன்னு சொன்ன... இல்ல, சும்மா கேக்கல. இதுக்குப் பதில் வந்தாத்தான் லாரி... வெயில்தான். எனக்கும் தெரியும். அன்னைக்கும் வெயில்தான்."

அண்ணன் மழுப்பினான், சிரித்தான், அப்புறம் எரிந்து விழுந்தான். அவள் காத்திருந்தாள். அப்பா போனதிலிருந்து இத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை.

"கத்தாத. ஒரே கேள்விதான். எனக்கு விக்கறதுக்கு முன்னாடி அதை அங்க வச்சது யார்?... கேக்கல, சத்தமா சொல்லு... நீதான். அது எதுக்குன்னும் சொல்லிடு... வண்டி சூடாகறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு. ம். அப்ப என் கண்ணு பொய் சொல்லல."

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருந்த அம்மாவின் கைக்குப் போன் மாறியது தெரிந்தது.

"அம்மா... ஆமாம்மா... இல்லம்மா, கடைசி வரைக்கும் அது அசையவே இல்ல. அன்னைக்கே சொன்னேனே... அழாத. முதல்ல கொஞ்சம் தண்ணி குடி... வேண்டாம், நீ என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம்... அவனை மன்னிக்கணுமா?... அதை மட்டும் கேக்காதம்மா. நீ பெத்தவ, உனக்கு முடியும். எனக்கு முடியாது... ம்... வரேன். வீட்டுக்கு வரேன். அவன் இல்லாதப்ப வரேன். போனை அவன்கிட்டயே குடு."

அம்மாவின் குரலை அவ்வளவு அருகில் கேட்டதும் அவள் கண்கள் நிறைந்திருந்தன. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். அடுத்து அவள் பேசியபோது குரலில் ஈரம் இல்லை. அலுவலகத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் அதே குரல்.

"லாரி அப்பவே கிளம்பிடுச்சு. இப்ப வந்துடும். ஓட்டறவரும் கூட ஒரு ஆளும் இருப்பாங்க, இன்னும் ஒருத்தர்தான் உட்கார இடம். அம்மாவை ஏத்திவிடு... நீயா? உன்னை ஏத்திக்க வேற வண்டிக்கு வரிசைல பேர் போட்டிருக்கேன். கடைசில... சாயங்காலம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஓரமா நில்லு... இல்ல, உன் வண்டி பட்டறைக்குப் போறது அப்புறம்தான். முதல்ல அம்மாவைக் கல்யாண வீட்டு வாசல்ல இறக்கிவிடச் சொல்லியிருக்கேன்... ஆமா, எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. சித்தப்பா, அத்தைங்க, அன்னைக்கு வந்த அத்தனை பேரும்... சே சே, நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்ணா. சத்தியமா. நான் எதுக்குச் சொல்லணும்? அம்மா போறாங்கல்ல... ஹலோ... ஹலோ..."

அவன் துண்டித்துவிட்டான்.