முப்பத்தெட்டு ஒயர்

பெரியவள்: முதல்ல பிளக்கைப் பிடுங்கு.

சின்னவள்: பிடுங்கிட்டேன்க்கா.

பெரியவள்: கையில எடுத்துக் காட்டு.

சின்னவள்: இதோ... இதுகூடவா நம்ப மாட்ட?

பெரியவள்: என் கல்யாணத்துல மைக்கை ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னவதானே நீ.

சின்னவள்: ஆரம்பிச்சுட்டியா... வந்து அஞ்சு நிமிஷம் ஆகல.

பெரியவள்: ஒன்றரை வருஷம் பேசாம இருந்துட்டு, போன் பண்ணி, "எர்த் எங்க குடுக்கணும்"னு கேக்குற. "நல்லா இருக்கியா"ன்னு ஒரு வார்த்தை இல்ல.

சின்னவள்: கேட்டா வெச்சிடுவியோன்னு...

பெரியவள்: வெச்சிருப்பேன். எர்த்துன்னதால வந்தேன். இரும்புக் கையோட ஒயர் பெட்டியைத் திருப்பு. அதோட தகரக் கதவுக்கும் ஒரு எர்த் ஒயர் போகணும்.

சின்னவள்: சரிக்கா.

பெரியவள்: மொத்தம் எத்தனை ஒயர்?

சின்னவள்: முப்பத்தெட்டு.

பெரியவள்: ம்... முதல் ஒயரைக் குடு.

சின்னவள்: என்னக்கா, அதையே பார்த்துட்டு இருக்க?

பெரியவள்: ஒண்ணுமில்ல. ஒயர் நுனியில நம்பர் வளையம் மாட்டு. எதுக்குடி உனக்கு இந்த இரும்புக் கை?

சின்னவள்: ஈயம் வெச்சுப் பத்த வைக்கும்போது சாமானைப் பிடிச்சுக்க ஆள் வேணும். முன்னாடி நீ பிடிச்ச.

பெரியவள்: ஓ... எனக்குப் பதிலா இது.

சின்னவள்: இது எதிர்த்துப் பேசாது.

பெரியவள்: மைக் குடுத்துப் பாரு, தெரியும்.

சின்னவள்: அக்கா!

பெரியவள்: கரண்ட் ஒயரையும் சிக்னல் ஒயரையும் ஒண்ணா கட்டாத. தள்ளித் தள்ளி இருக்கணும்.

சின்னவள்: பக்கத்துல இருந்தா?

பெரியவள்: இது சொல்றது அதுக்குத் தப்பாக் கேக்கும். குடும்பத்துல நடக்கறதுதான்.

சின்னவள்: ...மாமா இன்னும் கோவமா இருக்காரா?

பெரியவள்: எதுக்கு?

சின்னவள்: அதான்... "மாப்பிள்ளை சாவியைத் தொலைச்சவர் மாதிரி முழிக்கிறார்"னு சொன்னேனே.

பெரியவள்: நானூறு பேர் கேட்டாங்க. அவர்தான் முதல்ல சிரிச்சார்.

சின்னவள்: சிரிச்சாரா!

பெரியவள்: அன்னைக்கு நிஜமாவே சாவி தொலைஞ்சுதான் போயிருந்துச்சு.

சின்னவள்: அப்போ நீ மட்டும் ஏன் இத்தனை நாளா...

பெரியவள்: மறுநாள் காலையில மண்டபத்துக்கு வந்த. மன்னிப்புக் கேக்கத்தான் வர்றன்னு நினைச்சு எழுந்து நின்னேன். நீ ஸ்பீக்கர் ஒயரைச் சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்ட.

சின்னவள்: ...வாடகை ஸ்பீக்கர்க்கா. பத்து மணிக்குள்ள திருப்பிக் குடுக்கணும்.

பெரியவள்: குடுத்தியா?

சின்னவள்: குடுத்தேன்.

பெரியவள்: நல்லது. அடுத்த ஒயர்.

சின்னவள்: நீ ஒயரிங் பண்ற ஃபேக்டரிலயும் இவ்ளோ மெதுவாத்தான் பண்ணுவியா?

பெரியவள்: அங்க தலைக்கு மேல ஒருத்தர் நிப்பார். இங்க நீதான் நிக்கிற.

சின்னவள்: உட்காரவா?

பெரியவள்: உட்காரு... கொஞ்சம் தள்ளி. வெளிச்சத்தை மறைக்காத.

சின்னவள்: இன்னும் எத்தனை இருக்கு?

பெரியவள்: முப்பத்தேழு முடிஞ்சுது, ஒண்ணுதான் பாக்கி. ஏன், அவசரமா?

சின்னவள்: இல்ல இல்ல. நிதானமாப் பண்ணு.

பெரியவள்: முடிஞ்சுது. பிளக்கைப் போடு. சிவப்புப் பட்டன்மேல கையை வெச்சுக்கோ, தப்பாப் போனா அமுக்கணும்.

சின்னவள்: அக்கா...

பெரியவள்: போடுடி.

சின்னவள்: ...எழுந்துடுச்சு. டம்ளரை எடுக்குது பாரு!

பெரியவள்: பார்த்துட்டுத்தான் இருக்கேன். நேரா என்கிட்ட நீட்டுது.

சின்னவள்: உனக்குத்தான், குடி. தண்ணிதான்.

பெரியவள்: இன்னைக்குத்தான் முதல் தடவை கரண்ட் குடுத்திருக்கோம். டம்ளர் எங்க இருக்கு, நான் எங்க உட்கார்ந்திருக்கேன்னு இதுக்கு எப்படித் தெரிஞ்சுது? சொல்லு.

சின்னவள்: ரெண்டு மாசமா ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நேத்து உட்கார்ந்து முப்பத்தெட்டு ஒயரையும் கழட்டினேன்... மன்னிச்சுடுக்கா. அதுக்கும்... மைக்குக்கும்.

பெரியவள்: தெரியும்.

சின்னவள்: எப்போ தெரியும்?

பெரியவள்: முதல் ஒயர்லயே. செம்புக் கம்பியில திருகு கடிச்ச தடம் இருந்துச்சு. புது ஒயர்ல ஏது தடம்?

சின்னவள்: அப்பவே கேட்டிருக்கலாம்ல! எதுக்கு மாங்குமாங்குன்னு எல்லாத்தையும் மாட்டின?

பெரியவள்: கேட்டிருந்தா, முப்பத்தேழு ஒயர் மிச்சம் இருக்கும்போதே நான் கிளம்பியிருக்கணுமே.