இரங்கும் இடம்

– ஏணியை ஆட்டாதீங்க மாமா. பெயிண்ட் தலையில கொட்டிச்சுன்னா அக்காகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.

– நான் எங்கடா ஆட்டறேன்? பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

– நான் பிரஷ்ஷைத் தூக்குறப்ப மட்டும் ஏணிக்கு நடுக்கம் வருதே.

– காத்து.

– ஒரு இலை அசையலை மாமா.

– முதல்ல கீழ இறங்கு மாப்ளே. ஒரு டீ குடிச்சிட்டு வந்து எழுதலாம்.

– காலையிலேர்ந்து டீயாக் குடிச்சு வயிறு ஊதிப் போச்சு. பெரிய மேடம் வர்ற நேரம். அவங்க வர்றதுக்குள்ள இந்த எழுத்தை மாத்தலைன்னா உங்களைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவாங்க.

– ரேஞ்சரைக் காட்டைக் காட்டி மிரட்டுறியா? ஏற்கெனவே காட்டுலதானே இருக்கேன்.

– இங்க தண்ணி இருக்கே.

– இவ்வளவு அக்கறை இருக்கிறவன் அன்னைக்கே ஒழுங்கா எழுதியிருக்கணும். பூங்காவுக்குள்ள பஸ் வந்து நிக்கிற எடம். 'இறங்கும் இடம்'னு ஒரு போர்டு. அவ்வளவுதான் வேலை. உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு.

– எனக்கும் பெரிய 'ற'வுக்கும் ஸ்கூல்லேர்ந்தே ஆகாது மாமா. வாயில வர்றப்ப ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு.

– 'இரங்கும் இடம்'னு எழுதி வச்சிருக்கே. இங்க வந்து சொன்னா ஏதோ ஒண்ணு மனசு இரங்கும்னு ஊர் உலகமே வந்து நிக்குது.

– எல்லாம் அந்தப் பெரியவர் ஆரம்பிச்சு வச்சது. பஸ்ஸை விட்டு இறங்கினாரு, போர்டைப் படிச்சாரு, முழங்கால் வலியில ஆரம்பிச்சு மருமகள் வரைக்கும் சொல்லி அழுதாரு. கூட வந்தவங்க அதைப் படம் பிடிச்சுப் போட்டுட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

– கீழ 'இங்கே அதிக நேரம் நிற்க வேண்டாம்'னு எழுதினது பஸ்ஸுக்குடா. அதையும் வாழ்க்கைத் தத்துவம்னு எடுத்துக்கிட்டுத் தலையை ஆட்டுறாங்க. போன வாரம் ஒருத்தர் என் ஆபீஸுக்கே வந்துட்டார். திரும்பத் திரும்பக் கேட்டும் இரங்கலையாம். புகாரை யார்கிட்ட குடுக்கணும்னு கேக்குறார்.

– என்ன சொன்னீங்க?

– நீங்க ஒழுங்கா கேட்டிருக்க மாட்டீங்கன்னு சொல்லி அனுப்பினேன். வேற என்னத்தைச் சொல்ல? உங்க அக்காவே போன ஞாயித்துக்கிழமை வரிசையில நின்னுருக்கா. என்ன கேட்டான்னு சொல்ல மாட்டேங்குறா.

– எனக்குத் தெரியும். புருஷனுக்கு மாத்தல் வரணும்னு கேட்டிருப்பா.

– வாயை மூடு. வரிசையில நிக்கிறவங்க வேற முறைக்கிறாங்க. ஏணி மறைக்குதாம்.

– மறைக்கட்டும். உங்களுக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு. என் ஜீப்பைப் பாருங்க, சக்கரத்தைச் சுத்திப் புல்லு முளைச்சிருச்சு. இங்கேர்ந்து ஏரிக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போறதுதான் என் பொழப்பு. இப்ப வர்றவங்க எல்லாம் போர்டுகிட்ட பேசிட்டு அடுத்த பஸ்ல திரும்பிப் போயிடறாங்க. ஏரியை எவனும் எட்டிக்கூடப் பாக்கறதில்லை.

– அதேதான்.

– எதேதான்?

– ஏரிக்கு யாரும் போறதில்லை. முன்னாடி வேலி போட்டோம், உடைச்சாங்க. காவலுக்கு ஆள் போட்டோம், அவன் தோள்ல கை போட்டுப் படம் எடுத்துக்கிட்டாங்க. கரையில இருந்த நாணலை எல்லாம் மிதிச்சுத் துவைச்சுட்டாங்க. இப்ப போய்ப் பாரு, ஆள் உசரத்துக்கு நிக்குது. அதுக்குள்ள நாரை வந்திருக்கு மாப்ளே.

– நாரையா?

– நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பாத்தது. அப்புறம் இந்தப் பக்கமே வரலை. இப்ப கூடு கட்டி முட்டை வச்சிருக்கு. நீ அந்த 'ர'வை 'ற' ஆக்கினியானா, கூட்டம் மொத்தமும் ஏரிக்கரையில போய் விழும். அது முட்டையை அப்படியே போட்டுட்டுப் போயிரும். மறுபடி வராது.

– அதுக்குத்தான் ஏணியை ஆட்டினீங்களா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?

– உன்கிட்டயா? முதல் ஜீப்பே உன்னோடதாத்தான் போகும். 'அரிய நாரை'ன்னு ஒரு போர்டு எழுதி மாட்டுவே. அதுலயும் தப்பு இருக்கும்.

– அதுக்காக என் பொழப்பை விட்டுட்டு உட்காரச் சொல்றீங்களா? வீட்டுல கேட்டா என்ன சொல்றது, எழுத்துப் பிழையால பட்டினின்னா?

– கார் சத்தம் கேக்குது. மேடம் வந்துட்டாங்க. இறங்கு, இறங்கு. சட்டையைத் துடை.

– வணக்கம் மேடம்.

– ஏணி இருக்கு, பெயிண்ட் இருக்கு, ஆள் இருக்கு. எழுத்து மட்டும் அப்படியே இருக்கு. ஏன் ரேஞ்சர்?

– அது வந்து மேடம்... கொஞ்சம் காத்து...

– காத்து எங்க அடிக்குது?

– மாமாவுக்கு, அதாவது ரேஞ்சர் சாருக்கு, பெரியவங்க முன்னாடி பேச்சு வராது மேடம். நான் சொல்றேன். இந்த எழுத்தை மாத்தக் கூடாது.

– நீங்க யாரு?

– தப்பா எழுதினவன்.

– என் மனைவியோட தம்பி மேடம். ஜீப் ஓட்டுறான்.

– கூட்டம் இங்கயே நிக்கிறதுல உங்களுக்கு லாபமா?

– நஷ்டம் மேடம். ஜீப்பு சும்மா கிடக்கு. ஆனா ஏரியில நாரை முட்டை வச்சிருக்காம். வேலிக்கு அடங்காத ஜனம் ஒரு எழுத்துப் பிழைக்கு அடங்கி நிக்குது. அதை ஏன் மேடம் நாமளே கெடுத்துக்கணும்?

– ரேஞ்சர், நாரை வந்தது நிஜமா?

– கண்ணால பாத்தேன் மேடம். எனக்கு மாத்தல் குடுத்தாலும் பரவாயில்லை. குஞ்சு பறக்கிற வரைக்கும் இந்தப் போர்டை விட்டு வைங்க.

– அரசாங்கப் போர்டு பொய் சொல்லக் கூடாது. இரங்குறதுக்கு ஒண்ணுமே இல்லாத இடத்துல இரங்கும்னு எழுதி ஜனங்களை ஏமாத்தினா யார் பதில் சொல்றது? நாரைக்கு வேற வழி யோசிக்கலாம். நீங்க ஏறுங்க. என் முன்னாடியே மாத்துங்க.

– ஏறுறேன் மேடம். ஆனா முழுப் பொய்யின்னும் சொல்லிற முடியாது.

– ஏன், யாருக்காவது இரங்கியிருக்கா?

– ஒரு அம்மா வந்தாங்க மேடம். உங்களை மாதிரிதான், நறுக்குன்னு பேசுவாங்க. பொண்ணு கூட ஏதோ மனஸ்தாபம், பேச்சு வார்த்தையே கிடையாது. இந்தப் போர்டு முன்னாடி நின்னு எல்லாத்தையும் கொட்டினாங்க. தன் மேலதான் தப்புன்னு சொன்னாங்க. அடுத்த தடவை வந்தப்ப நான் கேட்டேன், பொண்ணு போன் பண்ணிச்சாம்மான்னு.

– பண்ணிச்சா?

– இல்லை மேடம். இங்க சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவங்க வாய்க்கே பழகிருச்சாம். வீட்டுக்குப் போனதும் அவங்களே போன் போட்டுட்டாங்க. போர்டு ஒண்ணும் பண்ணலை. குறுக்கப் பேசாம கேட்டுக்கிட்டு நின்னுச்சு, அவ்வளவுதான்.

– ம்.

– மேடம்? எழுத ஆரம்பிக்கட்டுமா?

– இங்க போன் சிக்னல் கிடைக்குமா?

– அந்தப் பாறை மேல ஏறி நின்னா கிடைக்கும் மேடம். அவசரமா ஆபீஸுக்குப் பேசணுமா?

– ரேஞ்சர், பெயிண்ட் டப்பாவை மூடி வைங்க. காய்ஞ்சிடப் போகுது.

– சரிங்க மேடம். அப்ப போர்டு?

– வரிசையில கடைசி ஆள் யாரு?