பள்ளத்தில் கிடந்த பழைய வளையம்

பழைய கார் நின்ற இடத்தில் நாலு சொட்டு ஆயில் இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும், உள்ளே ஆயிலே இல்லையோ என்று. முப்பத்தைந்து வருடம் மெக்கானிக்காக அந்தச் சொட்டுகளோடு பிழைத்தவன் நான். அதனால் நிதானமாகவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் மச்சினனை நான்தான் வளர்த்தேன். என் மனைவியின் தம்பி. பெற்றவர்கள் போனபிறகு, ஒன்பது வயதில், ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருபத்தைந்து வயதில் என்னைவிட நல்ல கை அவனுக்கு. இன்ஜினில் காதை வைத்தால் போதும், எங்கே நோவு என்று சொல்லிவிடுவான். நான் பொறாமைப்பட்டதில்லை. பெருமைதான் பட்டேன். இதையும் எழுதுங்கள்.

பழைய கார்களில் ஆயில் ஃபில்டர் ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். மாற்றுவதற்குள் முழங்கை வரை வழியும். அவன் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, கடைசல் பட்டறையில் ஒரு தட்டு செய்து பொருத்தி, இந்தக் காலத்து டப்பா ஃபில்டரைக் கையாலேயே திருகி மாட்டுகிற மாதிரி செய்துவிடுவான். அதற்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து வண்டிகள் வந்தன.

அதில் ஒரே ஒரு சங்கதி. இன்ஜின் பக்கத்துப் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். வருடக்கணக்கில் வெந்து, இரும்போடு இரும்பாகக் கறுத்து, கண்ணுக்கே தெரியாது. அதை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். பழையதின் மேலேயே வைத்தாலும் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை மட்டும் ஓடவிட்டால் ஒரு சொட்டு வராது. சாலையில் வேகம் பிடித்து அழுத்தம் ஏறும்போது வளையம் பிதுங்கி, மொத்த ஆயிலும் கொட்டிவிடும். இதை எனக்குச் சொன்னதே அவன்தான்.

அந்த வருடம், வேறு ஊரில் தனியாகப் பட்டறை போடப் போவதாகச் சொன்னான். இடம்கூடப் பார்த்துவிட்டான். என் மனைவி அவனுக்குப் பாத்திரங்கள் எடுத்துவைக்க ஆரம்பித்தாள். நானும் சரி என்றேன். அதற்கப்புறம் பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியாக அவன் கைவைத்தது ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவரின் கார். முடித்து, ஓடவிட்டு, அடியில் காகிதம் விரித்துப் பார்த்தான். காகிதம் காய்ந்தே இருந்தது. கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனான். நான் தட்டைக் கழற்றினேன். அவன் நெம்பிப் போட்ட பழைய வளையம் குப்பை டப்பாவில் முழுசாகவே கிடந்தது. அவன் வேலை அப்படி. அதைத் துடைத்துப் பள்ளத்தில் வைத்து, மேலே புதியதை வைத்து, முறுக்கினேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

வாத்தியார் வீட்டு வாசலில் ஆயில் கொட்டும், வந்து நாலு வார்த்தை கேட்பார், தனியாகப் போகிற தைரியம் இவனுக்குக் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான் நினைத்தேன். சாலையில் போனால்தான் கொட்டும் என்று இப்போதுதானே சொன்னாய் என்று பார்க்கிறீர்கள். ஆமாம். தெரியும்.

மறுநாள் காலை, மேம்பாலத்து இறக்கத்தில், சூடான புகைக்குழாய் மேல் ஆயில் கொட்டியது. புகை கண்ணை மறைக்க, கார் நின்றிருந்த லாரியில் போய் மோதியது. வாத்தியார் பிழைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிழைக்கவில்லை.

காரைப் பிரித்தபோது மச்சினன் பக்கத்திலேயே நின்றான்.

“ரெண்டு வளையம் இருக்கு அத்தான். பழசை நான் எடுத்தேனே.”

நான் அவன் தோளில் கை வைத்தேன். “கிளம்புற நினைப்புல மறந்திருப்பே. யாருக்கும் நடக்கிறதுதான்பா.”

என் முகத்தையே பார்த்தான். நான் பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை. “எடுத்தேன்னுதான் நினைச்சேன்” என்றான்.

வழக்கில் அவன் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒன்றரை வருடம் உள்ளே இருந்தான். வந்தபிறகு வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். அவர் திட்டவில்லையாம், உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாராம். அதைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தான். ஸ்பேனரை அப்புறம் தொடவில்லை. பதினோரு வருடம் எங்களோடே இருந்தான். கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பான். பிறகு என்னைக் கூப்பிடுவான்: “பூட்டியிருக்கா, நீங்க ஒரு தடவை பாருங்க அத்தான்.” நானும் சலிக்காமல் போய்ப் பார்த்துச் சொல்வேன். தன் தம்பியால் ஒரு உயிர் போனது என்று நம்பியே என் மனைவியும் போய்ச் சேர்ந்தாள்.

போன புதன்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுத் திணறிக்கொண்டு என் கையைப் பிடித்தான். “அத்தான், அந்தப் பழசை நான் எடுத்தேனா, இல்லையா?”

“இப்ப எதுக்கு அதெல்லாம், தூங்கு” என்று போர்வையை இழுத்துவிட்டேன். சாயங்காலம் போய்விட்டான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் அவன் மனது கஷ்டப்படக்கூடாதே என்றுதான், ஐயா.