இரு கைகளையும் நீட்டி

தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்கு எதையும் வீணாக்க வராது, ரங்கராஜன் மாமா. வந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில்தான் அப்பா மளிகைச் சாமான் எழுதுவார். எதிர் பிளாக்கில் இருந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா. இப்போது வக்கீலாக வந்திருக்கிறீர்கள். வக்கீலிடமும் வைத்தியரிடமும் மறைக்கக் கூடாது என்பார்கள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நொய்டாவில் எங்களுக்குச் சாவதுதான் வேலை. சிரிக்காதீர்கள். பத்து இந்திப் படம் எடுக்கிற பணத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி யுத்த வீடியோ கேம் செய்துகொண்டிருந்தது. கதாநாயகன் நடப்பது, ஓடுவதெல்லாம் அவர்கள் ஊரிலேயே. அவன் சுட்டு விழும் சிப்பாய்கள் மட்டும் எங்களிடம் வந்தார்கள், தில்லியில் சாவு மலிவு என்பதால். உடம்பெல்லாம் வெள்ளைக் குமிழ் ஒட்டிய கறுப்பு உடையில் எங்கள் ஸ்டண்ட் பையன் ஆரிப் ஆளுயர மேடையிலிருந்து விழுவான். சுற்றியிருக்கும் காமிராக்கள் அந்தக் குமிழ்களைப் பார்த்து அவன் அசைவைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும். ஒவ்வொரு முறையும் விழுந்து முடித்ததும் எழுந்து நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்ட வேண்டும். எது தோள், எது முழங்கை என்று கம்ப்யூட்டர் அதை வைத்துத்தான் சரிபார்க்கும். நீட்டாவிட்டால் அந்தத் தடவை எடுத்தது குப்பை.

ஆரிப் வாணியம்பாடிக் குடும்பம், பிறந்தது இங்கே. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்குச் சேமியா கொண்டுவருவான். எனக்கு அவனைப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொந்தரவு மெத்தையால் வந்தது. மெத்தையில் விழுந்தால் உடம்பு அமுங்குகிறது. கேமில் தரை சிமெண்ட். ஒவ்வொரு சிப்பாயையும் கம்ப்யூட்டர் பையன்கள் உட்கார்ந்து கையால் திருத்தினார்கள். ஒரு சாவுக்கு இரண்டு நாள் போயிற்று. கெடு தவறினால் அடுத்த வேலை வேறு தேசத்துக்குப் போய்விடும், என்னை நம்பி இருந்த அத்தனை பேரும் தெருவில் நிற்க வேண்டும். மெத்தையை எடுத்துவிட்டு ஒரு கம்பளம் விரித்தேன். யாரும் சொல்லவில்லை, என் யோசனைதான். முன்பக்கமாக விழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை. மல்லாக்க விழுவது மட்டும் பாக்கி. பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"அண்ணா, பின்னாடி விழறதுக்கு மட்டும் மெத்தை போட்டுக்கலாமா?"

"ஒரே தடவைடா. ஜல்தி முடிச்சுடலாம்."

"அச்சா. நீங்க சொன்னா சரி."

அவன் விழுந்ததும் நான் பார்த்தது திரையைத்தான். ஒரு குமிழ்கூடத் தவறவில்லை. அப்படி ஒரு சாவை அதற்கு முன் நாங்கள் எடுத்ததே இல்லை. ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடக் கூடாதே என்று பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"எழுந்திருக்க வேண்டாம்டா. படுத்தபடியே கையை மட்டும் நீட்டு."

நீட்டினான். இடது கை மடங்கியிருந்தது. இன்னொரு முறை கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"நீட்டிட்டேனா அண்ணா?"

நீட்டிவிட்டான் என்றேன். கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம்தான் ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்தேன். பையன்கள் திரும்புவதற்குள் மெத்தையை இழுத்து வந்து போட்டேன். அவனைத் தூக்கித்தான் அதன்மேல் கிடத்த வேண்டியிருந்தது. நல்ல கனம். தலை பின்னால் சாய்ந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். மெத்தையில் விழுந்தும் கழுத்து முறிந்தது, விதி என்றார்கள்.

கை நீட்டுகிற இடத்தை வெட்டியிருக்கலாம். பார்க்க நன்றாக இருந்தது, வெட்டினால் நாளாகும், விட்டுவிட்டேன். அந்தக் கேமில் இப்போது எவனைச் சுட்டாலும் மல்லாக்க விழுந்து, மெல்ல இரு கைகளையும் நீட்டுகிறான், இடது கை கொஞ்சம் தாமதமாக. அதைப் பார்த்துத்தான், அடிபட்ட பிறகும் அவனிடம் வேலை வாங்கியிருக்கிறோம் என்று ஆரிப்பின் அக்கா போலீஸுக்குப் போயிருக்கிறாள். கூடப் பிறந்தவளுக்குத் தம்பியின் கை தெரியாதா.

நம் குவார்ட்டர்ஸ் பார்க்கில் குழந்தைகள் அதை விளையாடுகிறார்கள், மாமா. ஒருவன் விரலைக் காட்டிச் சுடுகிறான், மற்றவன் புல்லில் விழுந்து கையை நீட்டுகிறான். அவன் எழுந்திருக்கும்வரை எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர முடிவதில்லை. பயமாக இருக்கிறது. வீட்டில் படுத்தால் என் கை தானாகப் பக்கவாட்டில் போகிறது. மனைவி ஸ்ம்ருதி எடுத்து மடக்கி வைக்கிறாள்.

மெத்தையை எடுத்தது நான், கையை நீட்டச் சொன்னது நான், தூக்கிக் கிடத்தியதும் நான். கோர்ட்டில் அப்படியே சொல்லுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுந்ததிலிருந்து வண்டி வரும்வரை அவன் ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. நான் தூக்கியபோதுகூட முகம் சுளிக்கவில்லை. வலித்திருந்தால் என்னிடம் சொல்லாமல் இருப்பானா, மாமா.