வாங்கிக்கொண்டேன்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டையாக இருக்கிறது. மடித்த காகிதம் ஒன்றை அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். நான் பணியாற்றிய பள்ளியில் அப்படித்தான் செய்வோம். குறை கூறுவதாக நினைக்க வேண்டாம். ஆடுகின்ற இருக்கையில் அமர்ந்து கோவையாகப் பேச எனக்கு வராது. நின்றுகொண்டே சொல்கிறேன்.

முதலில், இந்தக் காவல் நிலையத்தில் தாங்கள் பதிவு செய்துள்ள அறிக்கையில் ஒரு திருத்தம். 'பணிப்பெண்ணின் கவனக்குறைவால் குழந்தை மாடிப்படியிலிருந்து விழுந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவன் நான்தான். ஒற்றுப்பிழை ஏதும் இல்லை. ஆனால் கவனக்குறைவு என்னும் சொல் அந்தப் பெண்மணிக்குப் பொருந்தாது. தகுதியுள்ளவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடிவதில்லை. அதற்காகவே வந்தேன். வேறு காரணம் இருப்பதாக என் மகள் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். அவள் மருத்துவமனைத் தாழ்வாரத்தை விட்டு அசையாமல் இருக்கிறாள். பேச்சில் நிதானம் இல்லை.

நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மருமகன் வேறோர் ஊரில் பணியில் இருக்கிறார். வீட்டில் நான் இருக்கிறேன், பேத்தி இருக்கிறாள். அப்படியிருக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெளியாள் எதற்கு என்று கேட்டேன். நியாயமான கேள்வி.

"உங்ககிட்ட விட்டுட்டுப் போனா எனக்கு ஆபீஸ்ல கை ஓடாதுப்பா" என்றாள். "அன்னைக்குச் சிட்டு மூச்சு முட்ட அழுதுச்சே, நீங்க பேப்பர் படிச்சிட்டு உட்கார்ந்திருந்தீங்களே."

சிட்டு என்பது என் பேத்தியை நாங்கள் அழைக்கும் பெயர். அன்று அவளை நான் அழவிட்டது உண்மை. அழுதால் எவரும் ஓடி வர மாட்டார் என்பதை ஒரு குழந்தை கற்றுக்கொள்ள வேண்டும். அது கற்பித்தல் முறை. என் மகளும் அப்படித்தான் வளர்ந்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை.

ஆள் வைப்பதென்று முடிவான பிறகு, முழுநாள் வெள்ளோட்டம் இல்லாமல் எவரையும் அமர்த்தக்கூடாது என்று வற்புறுத்தியவன் நானே. ஒரு பேனா வாங்கினால்கூடக் கிறுக்கிப் பார்க்கிறோம். பிள்ளையை ஒப்படைக்கும்போது மட்டும் தொலைபேசியில் நான்கு வார்த்தை பேசி முடித்துவிடுகிறார்கள். என்ன காலம் இது என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. முதலில் வந்தவள் கைப்பேசியும் கையுமாகவே இருந்தாள். அடுத்தவள் குழந்தைக்கு முன்பாகத் தானே உறங்கிப்போனாள். இருவரையும் கையும் களவுமாகப் பிடித்தவன் நான். மகள் எனக்கு நன்றி சொன்னாள். அந்த வாரத்தில் என்னிடம் அவள் சிரித்துப் பேசினாள்.

மூன்றாவதாக வந்தவரைத்தான் தாங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நடுத்தர வயது. ஆயா என்று அழைக்க மகள் விடவில்லை. அக்கா என்றே அழைத்தாள். வந்தவர் செருப்பைக் கழற்றினார், கைகழுவினார், பின்பு குழந்தையின் அருகே தரையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்காமலே எங்களோடு பேசினார். சற்று நேரத்தில் சிட்டு தானாகவே தவழ்ந்து போய் அவர் மடியில் கையை வைத்தாள். என்னிடம் அவள் ஒருநாளும் தானாக வந்ததில்லை. இதை ஒரு செய்தியாகத்தான் சொல்கிறேன்.

அவரிடம் விசித்திரமான வழக்கம் ஒன்று இருந்தது. குழந்தையைக் கைமாற்றும்போது வாங்குபவர் 'வாங்கிக்கிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை பிடியை விடமாட்டார். மகள் புறப்படுமுன் ஒருமுறை என்னிடம் நீட்டினார். நான் தலையசைத்தேன்.

"தலையாட்டினா செல்லாதுங்க ஐயா. கார்ல வைக்கிற பொம்மையுந்தான் தலையாட்டுது. வாயால சொல்லுங்க."

என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். என் வகுப்பறையில் என் முன்னால் அப்படி எவரும் சிரித்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா" என்று அவரே விளக்கமும் சொன்னார். "முன்னால வேலை பார்த்த வீட்டுல, புள்ள அம்மாகிட்ட இருக்குன்னு நான் நெனச்சேன், என்கிட்ட இருக்குன்னு அவங்க நெனச்சாங்க. தண்ணித் தொட்டி ஓரத்துல போய்ப் புடிச்சேன். அன்னையிலேருந்து இப்படித்தான்."

மகளுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இந்த அக்கா ஒத்து வந்துட்டா வீட்டோட தங்கச் சொல்லிடலாம்ப்பா. உங்க ரூமைத்தான் குடுக்கணும். நீங்க கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல போய் இருந்துட்டு வாங்களேன்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். இதற்கும் நடந்ததற்கும் தொடர்பில்லை. எதையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டுமே என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

வீட்டின் அமைப்பைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். தெருக்கதவைத் திறந்தால் நேராகப் படிக்கட்டு. மேலே கூடம், சமையலறை, படுக்கையறைகள். படியின் மேல்முனையில் மருமகன் மரத்தடுப்பு ஒன்றைப் பொருத்தி, கொக்கி வைத்திருக்கிறார். குழந்தை தவழத் தொடங்கியதும் செய்தது.

அன்று காலை முழுவதும் என்னால் ஓரிடத்தில் அமர முடியவில்லை. சாளரத்துக்குப் போனேன், திரும்பினேன், செய்தித்தாளைப் பிரித்தேன், மடித்தேன். பிழையே இல்லாத விடைத்தாளைத் திருத்துபவருக்கு உண்டாகும் அமைதியின்மை அது. சிவப்பு மை பேனாவிலேயே காய்ந்துபோகும். எனவே சில வினாக்களை வைத்தேன். சட்டைப் பொத்தான் ஒன்றைப் பாயில் போட்டேன். எடுத்து என் கையில் கொடுத்து, "ஊசி நூல் இருந்தாக் குடுங்க, தைச்சுத் தரேன்" என்றார். சூடான தேநீரை மேசை விளிம்பில் வைத்தேன். பேச்சை நிறுத்தாமலே உள்ளே தள்ளி வைத்தார். தடுப்பின் கொக்கியைக் கழற்றிவிட்டேன். உடனே மாட்டினார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கழற்றினேன்.

இம்முறை அவர் என்னைப் பார்த்தார்.

"இந்தக் கொக்கி தானாக் கழலுது போல. சாயங்காலம் அம்மா வந்ததும் சொல்லணும்."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் தேர்வு எழுத வந்தவர் தேர்வாளரைப் பற்றி அறிக்கை கொடுப்பது முறையல்ல. அந்த எண்ணம் எனக்குள் புழுவாய் நெளிந்துகொண்டே இருந்தது. மாலை வந்துவிடும். மகள் வந்துவிடுவாள்.

என் மாத்திரை தீர்ந்துவிட்டதென்றும், எதிர்ப்புற மருந்துக்கடையில் வாங்கி வர வேண்டுமென்றும் அவரிடம் சொன்னேன். மாத்திரை இருந்தது.

"பாப்பாவையும் தூக்கிட்டே போயிட்டு வந்துடறேன் ஐயா."

வெயில் கடுமையாக இருக்கிறது, வேண்டாம் என்றேன். அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தார்.

"வாங்கிக்கிட்டீங்களா ஐயா?"

"வாங்கிக்கொண்டேன்" என்றேன். திருத்தமாகவே சொன்னேன்.

அவர் படியிறங்கும்போது தடுப்பின் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் போனார். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். என் முதல் வாக்குமூலத்தில் இதற்கு மாறாகச் சொல்லியிருந்தேன்.

சிட்டு என் கையில் அழுதாள். பாயில் இறக்கிவிட்டேன். கீழே போய்த் தெருக்கதவை உட்புறமாகத் தாழிட்டேன். தேர்வு தொடங்கியதும் கதவை அடைத்துவிடுவது என் பணிக்காலம் முழுவதும் நான் கடைப்பிடித்த ஒழுங்கு. தாமதமாக வருகிறவர், எவர் பிள்ளையாயினும், வெளியேதான். மேலே வந்தேன். கொக்கியை மாட்டவில்லை. என் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு நின்றேன். அவர் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறார் என்று பார்ப்பதே நோக்கம். தேர்வறையில் மேற்பார்வையாளர் உதவி செய்யக்கூடாது என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவர் ஓட்டமாகப் போய் ஓட்டமாகத்தான் வந்திருக்க வேண்டும். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகக் கதவு தட்டப்பட்டது.

"ஐயா, கதவு சாத்தியிருக்குங்க! ஐயா!" பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சிட்டூ, தாத்தா என்னடா பண்றாரு? கதவத் தொறக்கச் சொல்லுடா தங்கம்."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். குரல் வந்த திசையை நோக்கித் தவழத் தொடங்கினாள். தட்டுவது நிற்கவில்லை. அழைப்பதும் நிற்கவில்லை. தடுப்பைக் கையால் தள்ளினாள், அது திறந்துகொண்டது.

பின்பு நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். நான் இறங்கிப் போய்த் தாழை நீக்கினேன். அவர் படியடியில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கத்தவில்லை. "வாங்கிக்கிட்டேன்னு சொன்னீங்களேய்யா" என்று மட்டும் கேட்டார். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள் என்றேன். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், மறுபேச்சு ஏது? கதவு தாழிட்டிருந்தது என்று அவர் சொன்னதை எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்ப வேண்டியது அதைத்தான். அவரை விட்டுவிடுங்கள். அவர் தேறிவிட்டார்.

இன்று காலை மருத்துவமனையில் மகள் என் எதிரே வந்து நின்றாள். குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை. "அப்பா, அந்த அக்காகிட்டேயிருந்து சிட்டுவ வாங்கிக்கிட்டீங்களா இல்லையா?" என்றாள். நான் தலையசைத்தேன். "வாயால சொல்லுங்க" என்றாள். அங்கே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். பேசுவதற்கு ஏற்ற இடமன்று. இங்கே வந்துவிட்டேன்.

ஒன்றுமட்டும் எஞ்சியிருக்கிறது. முதற்படிக்கு முன்னால் சிட்டு நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கதவிடுக்கில் என்னைக் கண்டுகொண்டாள்; அதில் எனக்கு ஐயமில்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரம். நான் நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை, ஏனெனில் கூப்பிட்டு வருவது வருகையாகாது. கீழே அந்தக் குரல் மறுபடியும் அழைத்தது. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என்னிடம் வந்திருந்தால், நிச்சயமாக வாங்கிக்கொண்டிருப்பேன்.