நான் குடுத்த உத்தரவாதம்

ஓம் தம்பி, அவசரமில்லை, அந்த யூசர் அக்கவுண்டைப் பிறகு மூடலாம். நீங்கள் சம்பத் எண்டு பேர் சொன்ன உடனேயே நான் டொச்சை, இந்த ஜேர்மன் பாசையை, விட்டிட்டன். நீங்கள் குறூயெட்சி எண்டு வணக்கம் சொன்னது வடிவாத்தான் இருந்தது. ஆனா தமிழனும் தமிழனும் என்னத்துக்கு உந்த டொச்சிலை மல்லுக்கட்டுவான்? சென்னையோ? அப்பவே நினைச்சன்.

இஞ்ச சுவிஸிலை, வின்டர்தூரிலை, எங்கட பம்புக் கொம்பனியிலை, கம்ப்யூட்டர் பழுதெண்டா முந்தி மூண்டாம் மாடிக்குப் போன் அடிப்பினம். இப்ப உங்களுக்கு அடிக்கினம். அந்த மாத்தம் எப்பிடி வந்தது தெரியுமோ? சிரியாதேங்கோ, நானும் ஒரு காரணம்.

போன வருசம் ஒரு கூட்டம். இந்தச் சப்போர்ட் வேலையை முதல் போலந்துக்குக் குடுப்பம் எண்டு சொல்லிச்சினம். போலந்து கிட்டவாம், இந்தியா தூரமாம். ரெண்டும் டெலிபோன்தானே தம்பி, நடந்தோ போகப்போறம்? இந்தியாக்காரர் எல்லாத்துக்கும் ஜா, ஜா, ஓம், ஓம் எண்டுவினமாம், ஒண்டும் நடக்காதாம். இதைச் சொன்னவர் கன்டீன் கோழிக்கறியைச் சாப்பிட்டுக்கொண்டுதான் சொன்னவர். மேசையிலை கிடந்த ஒரு போன்கூட சுவிஸிலை செய்தது இல்லை.

பிறகு எங்கட மேலாளர் உர்ஸ் என்னட்டைத் திரும்பினார். பாலா, உன்ர ஆக்கள்தானே, நம்பலாமோ எண்டார். நான் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரன். சென்னைக்குப் போனதே ஒருக்கா, கலியாணக் கூறை எடுக்க. ஆனா மானம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ? எனக்கு விசர் வந்திட்டுது. எழும்பிக் கால்மணித்தியாலம் கதைச்சன். நானே இன்டர்லாக்கன் ஹோட்டலிலை கோப்பை கழுவிக் கழுவிப் படிச்சு வந்தவன், எங்கட சனம் வேலை எண்டாச் சாப்பாட்டை மறக்கும், ஒருக்காச் சொன்னாக் காணும், அதுக்கு நான் உத்தரவாதம் எண்டன். கை தட்டினவை தம்பி! உர்ஸ் அந்தப் பேச்சை என்ர படத்தோட மேலிடத்துக்குக் காட்டினவர், வேலை உங்களிட்டை வந்திட்டுது.

வீட்டை வந்து புளுகமும் சந்தோசமுமாச் சொல்ல, மனுசி சிவகலா, தவளை தன் வாயாலை கெடும் எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிட்டா. எனக்கு அப்ப விளங்கேல்லை.

என்ன, நேரம் போகுதோ? ஒரு போன் கோலுக்கு ஆறு நிமிசம்தானோ? பாவம். சரி, எழுதுங்கோ. பாலேந்திரன். மூண்டாம் மாடி, சப்போர்ட். ஓம், இருபத்திரண்டு வருசம். ஓம் தம்பி, அந்த அக்கவுண்டுக்காரன் நான்தான். எங்கட மாடியை முழுசா மூடுகினம், எனக்கு இண்டைக்குக் கடைசி நாள். போற ஆளே உங்களுக்கு அடிச்சுத் தன்ர அக்கவுண்டை மூடுவிக்கவேணும் எண்டு புதுச் சட்டம்.

சீ, நீங்கள் என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறியள்? கோவம் இருந்தது, இல்லையெண்டில்லை. ஆனா இப்ப நீங்கள் பிழை விட்டாத்தான் எனக்கு வெக்கம். மூடியாச்சோ? ரெண்டு நிமிசத்திலையோ? பாத்தியளே, நான் அப்பவே சொன்னனான்.

என்ன, சேவை எப்பிடி எண்டு கேட்டு எனக்கொரு கேள்வித்தாள் வருமோ? ஐஞ்சு நட்சத்திரமும் போடுவன் தம்பி. ஆனா எந்த ஈமெயிலுக்கு அனுப்பப்போறியள்?