இருநூத்தி முப்பது வோல்ட் பாசம்

— கைய எடுங்க! கேமராவுல அத மாட்டாதீங்க!

— ஏம்மா இப்படிக் கத்துற? ஃபிளாஷ்தான, பாம்பா?

— பாம்பு கடிச்சா ஒரு ஆளுதான் படுப்பாரு. இது கடிச்சா நம்ம ஸ்டூடியோவே படுத்துரும். கேமரா வந்து எட்டு நாள்தான் ஆகுது. பழசையும் வித்தாச்சு.

— எங்கப்பா பரிசாக் குடுத்த ஃபிளாஷ் இது. முப்பது வருஷமா அவரு இத மாட்டித்தான் எடுத்தாரு. ஒண்ணும் ஆகலையே?

— அது ஃபிலிம் கேமரா. உள்ள இரும்பும் ஸ்பிரிங்கும்தான், எத்தன அடி அடிச்சாலும் வாங்கிக்கும். இதுக்குள்ள பூரா சர்க்யூட்டு. அந்த மீட்டர எடுங்க. ஃபிளாஷ ஆன் பண்ணுங்க, சிவப்பு லைட்டு வரட்டும். ஒரு முனை அடியில நடுப் புள்ளியில, இன்னொன்னு ஓரத் தகட்டுல. விரல் படக்கூடாது.

— வச்சாச்சு.

— எவ்வளவு காட்டுது?

— இரு... இருநூத்தி முப்பது. இந்த மீட்டரு பொய் சொல்லுதும்மா.

— ஆமா, போன வாரம் எடை மிஷினும் உங்களப் பத்திப் பொய்தான் சொல்லுச்சு. இந்தக் கேமரா ஆறு வோல்ட்டுக்கு மேல தாங்காதுன்னு புக்குல போட்டிருக்கான், வந்து பாருங்க.

— அப்ப ஸ்க்ரூவக் கழட்டி உள்ள கொஞ்சம் கொறச்சு வைக்கவா?

— தொட்டுறாதீங்க! பேட்டரிய எடுத்தாலும் உள்ள கரண்ட் உக்காந்திருக்கும். இன்னைக்கு மாமாவுக்கு ரிட்டயர்மென்ட். கூடவே உங்களுக்கும் வேணாம்.

— உனக்கு என்ன, ஈசியா சொல்லிட்ட. ஆபீஸ் சுவத்துல மாட்டப்போற படம் இது. அப்பா வாயத் திறந்து 'மாட்டுடா'ன்னு கேக்க மாட்டாரு, ஆனா மனசுல இருக்கும். காலையிலேருந்து மூணு போன். "ஃபிளாஷ எங்கடா வச்சிருக்க, எங்கடா வச்சிருக்க"ன்னு. கேமரா மேல அத பாக்கலைன்னா உடைஞ்சு போயிருவாரு. அடியில டேப்பு ஒட்டி, சும்மா பேருக்கு...

— டேப்பு நழுவுச்சுன்னா என் வாயில ஒட்டிக்கிட்டு உக்காரவா? இருங்க, மாமா மனசும் கோணாம செய்யலாம். அது கேமராவத் தொடவே வேணாம். அந்த ஸ்டாண்டுல நிறுத்துங்க. அடியில இந்தச் சென்சார மாட்டுங்க, இது நானூறு வோல்ட் தாங்கும். என் கேமராவோட குட்டி ஃபிளாஷ் மின்னும்போது, வெளிச்சத்தப் பாத்து அதுவும் தானா அடிக்கும். நடுவுல ஒயரே கிடையாது.

— அட! எங்க, அடிச்சுக் காட்டு... ஐயோ, கண்ணு! இதையே முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?

— நீங்க எங்க பேச விட்டீங்க? ஷ்ஷ், படிக்கட்டுல மாமா செருப்புச் சத்தம்.

— வாங்கப்பா. சட்டை ஜோரா இருக்கே! இப்படி ஸ்டூல்ல உக்காருங்க.

— இருக்கட்டும்டா. அந்த... அத எங்கடா வச்சிருக்கீங்க?

— இதோ மாமா, உங்களுக்குப் பக்கத்துலயே நிக்குது பாருங்க. ம், சிரிங்க... என்ன மாமா, பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கீங்க?

— ஏன் மருமகளே, அத கேமரா மேல மாட்டலையா?

— பாத்தியா! நான் சொன்னேன்ல? அப்பா, கோவிச்சுக்காதீங்க. அவ வேணும்னு பண்ணல. இந்தக் கேமரா தாங்காதாம், அதான்...

— ஒரு தடவைகூட மாட்டலையே? சும்மா சோதிச்சுப் பாக்கக்கூட?

— இல்ல மாமா. சத்தியமா இல்ல. மன்னிச்சிருங்க.

— அப்பாடா! நல்லா இருப்பம்மா நீ! டேய், நீ வாங்கிக் குடுத்த புதுக் கேமராவ பஸ்ல விட்டுட்டேன்னு சொன்னேனே, பஸ்ஸுலயும் விடல, ரயில்லயும் விடல. இந்த ஃபிளாஷ அதுல மாட்டி ஒரே ஒரு தடவ அமுக்கினேன், கேமரா புஸ்ஸுன்னு போயிருச்சு. ஃபிளாஷத் தூக்கிப் போடவும் மனசு வரல, உண்மையச் சொல்லவும் வாய் வரல, அதான் பரிசுன்னு சொல்லி உன் தலையில கட்டிட்டேன்!